மலையேறிய கேள்விகள்

ஆடிப் பதினெட்டு நெருங்கினால் போதும், கேள்விகள் எல்லாம் கொல்லிமலைப் பக்கமே திரும்பிவிடுகின்றன. அருவி, சந்தை, சூப், ஓரி என்று வந்து குவிந்தவற்றில் பதிலுக்கு மசிந்தவை மட்டும் இங்கே.

ஆடிப்பெருக்கு என்றால் காவிரிக்குத்தானே போகவேண்டும்? மலை மேல் ஏது ஆறு?
– ஒரு வாசகி, பரமத்தி வேலூர்

ஐயாறு இருக்கிறதே அம்மா! அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாய கங்கையாகச் சுமார் 300 அடி குதித்து, புளியஞ்சோலையில் தரை தொட்டு, காவிரியைத் தேடிப் போகிறது. நீங்கள் வந்து சேர்ந்த தண்ணீரைக் கும்பிடுகிறீர்கள். இவர்கள் புறப்படும் தண்ணீரை. வழியனுப்பவும் நாலு பேர் வேண்டாமா?

அங்கே நடப்பது சாமி விழாவா, சர்க்கார் விழாவா, ராஜா விழாவா?
– ஒரு ஆசிரியர், சேந்தமங்கலம்

மூன்றும். ஆடி 17, 18; இங்கிலீஷ் காலண்டரில் பெரும்பாலும் ஆகஸ்ட் 2, 3. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு மாலை, வாசலூர்பட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, அறப்பளீஸ்வரருக்கு ஆடிப்பெருக்கு. அமைச்சர் வந்தால் அவருக்கும் மாலை. உண்மையில் அது பூக்கடைக்காரர் விழா.

வல்வில் ஓரியைப் பற்றி ரீல்ஸ் போடவேண்டும். சுருக்கமாகச் சொல்லுங்கள் அங்கிள்.
– கல்லூரி மாணவர், ராசிபுரம்

ஒரே அம்பு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு, ஐந்தும் காலி. சாட்சி: வன்பரணர், புறநானூறு 152. உனக்கு முப்பது நொடி வேண்டும் தம்பி. ஓரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஓரி விழாவில் எதற்குச் சாப்பாட்டுக் கடைகள்? வீரனுக்கும் பஜ்ஜிக்கும் என்ன சம்பந்தம்?
– கோபக்காரர், கரூர்

அதே பாட்டை முழுசாகப் படித்தால் கோபம் அடங்கும். காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு மான்கறியும் மதுவும் பொன்னும் கொடுத்தவன் ஓரி. அவர்கள் வாய் திறந்து கேட்கவும் விடவில்லை, புகழ்ந்தால் கூச்சப்பட்டான். பில் இல்லை, ஜிஎஸ்டி இல்லை. ஆனால் இன்றைய கடைக்காரரிடம் இதை எதிர்பார்க்காதீர்கள். அவர் குறுநில மன்னர் அல்ல, குறுங்கடன் வாங்கியவர்.

ஓரியின் முடிவு?
– தமிழ் முதுகலை, சேலம்

மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன், காரியும் அதில் ஒருவன். ஒரு வள்ளலின் சொத்தைப் பறித்து மூன்றாம் ஆளுக்கு வழங்கியதும் வள்ளல்தன்மைக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. இலவசத் திட்டங்களின் வரலாறு மிகப் பழையது.

மலைப்பாதை என்றாலே எனக்கு வாந்தி. என்ன செய்யலாம்?
– ஒரு கணவர், ஈரோடு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள், உங்கள் வேதனையை அளந்து பார்க்க வசதியாக. ஓட்டுகிறவருக்கு அநேகமாக வாந்தி வராது. ஆகவே நீங்களே ஓட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு வேறொன்று வரும்: பயம்.

வளைவில் யார் யாருக்கு வழி விடவேண்டும்?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

உங்களுக்குத் தெரியாததா அண்ணே, மற்றவர்களுக்காகக் கேட்கிறீர்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்கவேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குவதும் நல்லது, பிரேக் புகையாது. இறங்கவேண்டியவர் ஒதுங்கவே மாட்டேன் என்று நிற்பது கட்சிகளில் மட்டும்தான்.

முடவாட்டுக்கால் சூப் என்கிறார்களே, நான் சுத்த சைவம். குடிக்கலாமா?
– ஒரு மாமி, ஸ்ரீரங்கம்

தாராளமாக. அது ஆடும் இல்லை, காலும் இல்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. மேலே ரோமம் மூடி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சீவி, நசுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். பார்த்தால் பாவம், குடித்தால் புண்ணியம்.

அந்தச் சூப் மூட்டுவலியைப் போக்குமா?
– ஓய்வுபெற்றவர், திருச்செங்கோடு

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கி ஏறி வந்த வாய்க்குச் சுடச்சுட எது கொடுத்தாலும் அமிர்தம், உட்கார்ந்தாலே பாதி வலி போய்விடும். மீதிப் பாதிக்கு டாக்டரைப் பாருங்கள். எல்லோரும் மூட்டைக் காப்பாற்றப் பிடுங்கிப் பிடுங்கி, இப்போது கிழங்கைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

கோயில் ஆற்றங்கரையில் சுடச்சுட மீன் வறுவல் கிடைக்குமா?
– சாப்பாட்டு ராமன், கோவை

ஐயோ! அறுத்துக் குழம்பில் போட்ட மீன்கள் உடல் பொருந்தி ஆற்றில் துள்ளி விழுந்தன என்பதே அந்தத் தலத்தின் கதை. அங்கே மீன் சாமிக்குச் சமம். மீனுக்குப் பொரி போடலாம், பொரிக்கக் கூடாது.

மலையாளிகள் கடை நிறைய இருக்குமாமே. கடலைக்கறி கிடைக்குமா?
– ஐ.டி. ஊழியர், பெங்களூரு

இவர்கள் கேரளத்தவர் அல்ல தம்பி, கொல்லிமலைப் பழங்குடிகள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வது அவர்கள் வழக்கம். களி கேளுங்கள், கிடைக்கும். கடலைக்கறி கேட்டால் பாலக்காட்டுக்கு பஸ் நம்பர் சொல்வார்கள்.

விழாவில் புதுச் சாமை வாங்கலாமா?
– ஒரு இல்லத்தரசி, தாரமங்கலம்

ஆடியில் மலைச் சாமை பெரும்பாலும் வயலில் நின்றுகொண்டிருக்கும். மூட்டையில் இருப்பது போன வெள்ளாமை. அதனால் குறை ஒன்றும் இல்லை, உமி நீக்காத சாமை வருஷக்கணக்கில் கெடாது. 'நேத்து அறுத்தது' என்று சொல்லும் நாக்குத்தான் சீக்கிரம் கெடும்.

ஏழை தானியத்துக்கு ஏன் பணக்கார விலை?
– பொருளாதார மாணவி, சென்னை

விளைவிப்பது பாதி வேலை, உமி நீக்குவது மீதி வேலை. அது பெண்கள் தோளில் விழுந்தது. மரவள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை: பிடுங்கு, லாரியில் ஏற்று, ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பு. சாமை வயல் சுருங்கிய கதை இதுதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கியும் சின்ன அரவை மெஷினும் கொண்டுவந்து கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது மலைப் பாட்டி கைதட்டவில்லை. இரண்டு கையிலும் உலக்கை.

பலாப்பழம் கிடைக்குமா?
– ஒரு தாத்தா, ஆத்தூர்

சித்திரை, வைகாசியில் போயிருக்கவேண்டும். ஆடியில் பலா கடைசி ஓவர். அன்னாசி வாங்குங்கள், ஆனால் பழுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பலா பறித்த பிறகும் வீட்டில் பழுக்கும். அன்னாசி பறித்தபோது இருந்த இனிப்போடு சரி. சில மாப்பிள்ளைகளும் அப்படித்தான்.

மலைத்தேன் அசலா என்று தண்ணீரில் ஊற்றிப் பார்த்தால் தெரியுமா?
– சந்தேகப் பிராணி, மோகனூர்

தெரியாது. கெட்டியான வெல்லப்பாகும் கரையாமல் அடியில் போய் உட்காரும். தேனைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும். விற்பவரைச் சோதிக்க விலை கேட்டுவிட்டு நடந்தால் போதும். பாதி விலை பின்னாலேயே ஓடிவந்தால் அது பாகு.

மிளகுக்கு?
– அதே சந்தேகப் பிராணி

அதைத்தான் தண்ணீரில் போடவேண்டும். நல்ல மிளகு முங்கும், கலப்படப் பப்பாளி விதை மிதக்கும். தப்பானவை மேலே வரும் என்பது சமையலறையிலும் செல்லுபடியாகிறது.

சோளக்காடு சந்தையில் பேரம் பேசலாமா?
– சிக்கனக்காரர், மதுரை

பேசலாம், ஒரு நிபந்தனை. அவர் தோட்டத்திலிருந்து சுமந்து வந்த வாழைத்தாரை, பேரம் முடியும்வரை நீங்கள் தலையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும். சீக்கிரம் படிந்துவிடும்.

மலை மேல் டீ ஏன் அவ்வளவு சூடாக இல்லை?
– ஒரு குமாஸ்தா, திருச்சி

1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். சீக்கிரம் கொதிப்பதில் சூடு குறைவு. உங்கள் மேனேஜர் கத்தும்போது இதை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

வாசலூர்பட்டி படகு இல்லத்தில் தாய்லாந்து மாதிரி மிதக்கும் சந்தை நடத்தினால் என்ன?
– உலகம் சுற்றியவர், புதுச்சேரி

ஸ்ரீநகர் தால் ஏரியில் அப்படி ஒரு காய்கறிச் சந்தை உண்டு. பொழுது நன்றாக விடிவதற்குள் வியாபாரம் முடிந்து கலைந்துவிடுவார்கள். நம் ஆட்கள் படகில் ஏறி, செல்ஃபி எடுத்து, கோணம் சரியில்லை என்று மறுபடி எடுப்பதற்குள் கீரை வாடிவிடும்.

ஆடித் தள்ளுபடி மலையிலும் உண்டா?
– தள்ளுபடிப் பிரியை, சேலம்

உண்டு. வெயிலில் ஆறேழு டிகிரி தள்ளுபடி. ஸ்டாக் உள்ளவரை.

தலை ஆடி. மனைவி தாய்வீட்டில். கொல்லிமலைக்கு நான் மட்டும் போனால் தப்பா?
– புது மாப்பிள்ளை, குமாரபாளையம்

தப்பில்லை, ஆபத்து. பார்த்துச் சிரித்தே ஆளை முடிக்கும் கொல்லிப்பாவை பற்றிச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவளுக்கு எட்டுக்கை அம்மன் என்று கோயிலும் அங்கே இருக்கிறது. மாமனாரிடம் சொல்லிவிட்டு ஜோடியாகப் போங்கள். பதினெட்டன்று மனைவிக்குத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள ஆறும் இருக்கிறது, உங்களைக் கட்டிப்போட ஆளும் இருக்கிறது.

முட்டை ஊரான நாமக்கல் மாவட்டம். மலையிலும் முட்டைதானா?
– பொறுமை இழந்தவர், விழுப்புரம்

கோழிப்பண்ணை எல்லாம் கீழே. மேலே மிளகு, காப்பி, வாழை, அன்னாசி. ஆனால் ஆம்லெட்டுக்குள் இரண்டும் சந்திக்கின்றன: கீழ்நாட்டு முட்டை, மலைநாட்டு மிளகு. இந்த மாவட்டத்தின் தேசிய ஒருமைப்பாடு அதுதான்.

அவ்வளவு தூரம் போய், வெள்ளம் என்று அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். நியாயமா?
– ஏமாந்தவர், தர்மபுரி

பெருக்கு விழாவுக்குப் போய்த் தண்ணீர் பெருகிவிட்டது என்று புகார் செய்த முதல் ஆள் நீங்கள்தான்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறீரே, விழாவில் உமக்கே பதில் தெரியாத கேள்வி இல்லையா?
– பொறாமைக்காரர், துறையூர்

இருந்தது. அன்னாசி விற்ற பாட்டி கேட்டார்: "அருவி நல்லாருக்கு, காத்து நல்லாருக்கு, தீனி நல்லாருக்குன்னு வர்றவங்க அத்தனை பேரும் சொல்றீங்க. அப்புறம் ஏஞ்சாமி இருட்டறதுக்குள்ள இறங்கி ஓடறீங்க?"

"ஒரு கூறு குடுங்க பாட்டி" என்றேன்.