தரைக்கடியில் ஒரு கோடை

கனடாவில் இருக்கும் என் மகன், வீட்டுத் தரைக்கடியில் மின்கம்பி பதித்துச் சூடேற்றியிருக்கிறானாம். நம் வீட்டிலும் பதிக்கலாமா, ஐயா?
— ஒரு வாசகர், பனவடலிசத்திரம்

மனிதர் நடமாடும் தரை 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகலாகாது என்று ஐரோப்பியர் நியமம் வகுத்திருக்க, சித்திரை மாதத்து நண்பகலில் தங்கள் மொட்டைமாடியில் பாதரட்சையின்றி ஒரு கணம் நின்றவர் எவராயினும், அந்த நியமத்தைச் செலவின்றி மீறியவரே ஆவார். சூரிய பகவான் இதுவரை தங்களுக்கு மின்கட்டணச் சீட்டு அனுப்பியதுண்டா?

அப்படியானால் இது இக்காலத்து வீண் ஆடம்பரந்தானே?

இக்காலத்தது என்று யார் சொன்னது? ஸ்நான மண்டபத்தின் தரையைச் சிறு தூண்களின்மேல் உயர்த்தி, அடியில் அனற்காற்றை உலவவிட்டவர்கள் பண்டைய ரோமாபுரியார். சமையலடுப்பின் புகையையே படுக்கையறைத் தரைக்கடியில் செலுத்தி, சோறும் சுகநித்திரையும் ஒரே விறகில் பெற்றவர்கள் கொரிய தேசத்தார். விறகு மின்சாரமானதுதான் புதுமை.

ஊட்டியில் வீடு கட்டுகிறேன். அங்கேயாவது அனுமதிப்பீர்களா?

தாராளமாக, ஆயினும், சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் பதித்தால், நூறு சதுர அடி அறை ஒன்றே, முழு வேகத்தில் இயங்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஏறக்குறைய 1 யூனிட்டை விழுங்கும் என்பதை உத்தேசித்து, குளியலறையோடு நிறுத்திக்கொள்வது விவேகம். கம்பிக்கடியில் வெப்பத்தடுப்புப் பலகை இட மறந்தீரானால், தங்கள் பணத்தில் குளிர்காய்வது நீலகிரி மலையாகவே இருக்கும்.