எல்லாப் பெருநாளும் ஒரே அலுமாரியில்: பெற்றோருக்கு ஆறு படிகள்

திருகோணமலை மாவட்டத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி, எந்தச் சமூகமும் பாதியைத் தொடவில்லை. ஆகவே பொங்கல், நோன்புப் பெருநாள், வெசாக், நத்தார் எல்லாவற்றுக்கும் தமிழில் படக்கதைப் புத்தகம் கடைகளில் குவிந்து கிடக்கும் என்று நீங்கள் நினைப்பது நியாயமே. அந்த நம்பிக்கை குலையுமுன் புறப்படுங்கள்.

1. கடையில் கேளுங்கள். "வெசாக் பற்றிச் சின்னப் பிள்ளையளுக்குத் தமிழில ஏதும் இருக்கா அண்ணை?" அண்ணை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளை எடுத்து நீட்டுவார். பிள்ளைக்கு நாலு வயதுதான் என்று சொல்லிப் பாருங்கள். "இப்பவே தொடங்கினால் நல்லது" என்பார்.

2. நத்தார் புத்தகம் மட்டும் கட்டாயம் கிடைக்கும். பக்கமெல்லாம் பனி, யன்னலுக்கு வெளியே மாரிமழை. வண்டி இழுக்கும் மானைக் கண்டதும் பிள்ளை "கோட்டை மான்!" என்று கத்தும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நின்று கையில் இருப்பதைப் பறிக்கப் பார்க்கும் அதே புள்ளிமான். திருத்த வேண்டாம். நத்தார் பாப்பா திருகோணமலைக்கு வர வேறு வாகனம் ஏது?

3. அடுத்த வீட்டுப் புத்தகப்பையை இரவல் வாங்குங்கள். 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. சமயப் பாடத்துக்கு அவரவர் சமய நூல்தான். அடுத்தவர் பெருநாளை அறிய அடுத்தவர் பைதான் வழி. பயிற்சி வினாக்களுக்கு உங்கள் பிள்ளை விடை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கடல் கடந்து தேடுங்கள். 1996இல் தொடங்கிய சென்னைத் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படக்கதைகள் வெளியிடுகிறது. அட்டையில் இந்திய ரூபாயில் உள்ள விலையைக் கண்டு மகிழ வேண்டாம். கடைக்காரருக்குப் பெருக்கல் தெரியும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம். நீங்களே மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. ஆனால் அச்செடுத்து வாசியுங்கள். கைபேசியில் என்றால் மூன்றாம் பக்கத்தில் பிள்ளை யூடியூப்புக்குத் தாவிவிடும்.

5. இதெல்லாம் சரிவராவிட்டால் சுவரைப் பாருங்கள். போயா, பொங்கல், சிவராத்திரி, பெரிய வெள்ளி, ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி என்று நான்கு சமயத்தையும் ஒன்றாகக் கட்டிய ஒரே வெளியீடு, வருடப் பிறப்புக்குக் கடைக்காரர் சும்மா தரும் கலண்டர்தான். ஒவ்வொரு அத்தியாயமும் 'இன்று பள்ளிக்கூடம் இல்லை' என்று முடிவதால் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

6. கடைசி எச்சரிக்கை. நோன்புப் பெருநாள் கதையை வாசித்து முடித்ததும் பிள்ளை, "வட்டிலப்பம் எங்க?" என்று கேட்கும். இதற்கு எந்தப் பதிப்பகமும் பொறுப்பேற்காது. முன்பென்றால் கிண்ணியாவிலுள்ள சிநேகிதர் வீட்டுக்குப் போகப் பாதைப் படகு ஓடவில்லை என்று சமாளிக்கலாம். 2009இல் பாலம் திறந்துவிட்டார்கள். போகத்தான் வேண்டும். பொங்கலன்று அந்த வீட்டுக்குப் புக்கை கொடுத்தனுப்பினீர்களா என்பதைப் பாலம் ஏறுமுன் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.