ஒரு ஹெச்சுக்காக இருபது வருஷம்

ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது என்று இருபது வருஷம் மல்லுக்கட்டிய நகரம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் பிட்ஸ்பர்க். ஊர்ப் பெயர்களைச் சீராக்க 1890-இல் அமெரிக்க அரசு ஒரு வாரியம் அமைத்தது. சீராக்க உட்கார்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மறு வருஷமே, 'பர்க்' என்று முடிகிற ஊர்களெல்லாம் வாலில் தொங்கும் ஹெச்சை விட்டுவிட வேண்டும் என்று விதி போட்டார்கள். உச்சரிப்பில் அந்த ஹெச்சுக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது வாஸ்தவம்தான். அதற்காக, வேலை இல்லாதவரையெல்லாம் வீட்டை விட்டு அனுப்பிவிட முடியுமா? ஊர்க்காரர்கள் மசியவில்லை. கடைசியில் 1911-இல் வாரியமே இறங்கிவந்து ஹெச்சைத் திருப்பிக் கொடுத்தது. இடைக்காலத்தில் அச்சான ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படச்சீட்டில், அவர் சட்டையில் ஹெச் இல்லாத பிட்ஸ்பர்க்தான் இருக்கிறது. சிகரெட் பெட்டியோடு சும்மா வந்த அந்தச் சீட்டு இன்று பல கோடி ரூபாய்க்குப் போகிறது. ஹெச் இல்லாததால் அல்ல, மிகக் குறைவாக அச்சானதால்.

இந்த மாதிரி விஷயங்கள் எனக்குத் தெரியவந்தது பிழைப்பின் மூலம். சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழில் வெகுகாலம் சப்-எடிட்டராகக் குப்பை கொட்டினேன். போர், பூகம்பம், பட்ஜெட் என்று எது வந்தாலும் டீயைக் கீழே வைக்காத மனிதர்கள், வெளிநாட்டு ஊர் ஒன்றின் ஸ்பெல்லிங்கில் கைவைத்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். எங்கள் சீஃப் சப் அந்த ரகத்துக்குத் தலைவர்.

அவருக்கு பீகிங் போனதே பொறுக்கவில்லை. சீன அரசு 1979-லிருந்து தன் ஊர்களை ஆங்கில எழுத்தில் பின்யின் முறைப்படி எழுத ஆரம்பித்தது. பீகிங், பெய்ஜிங் ஆனது. நியூயார்க் டைம்ஸ் மனசு மாற 1986 வரை ஆயிற்று. எங்கள் சீஃப் சப்புக்கு அதன் பிறகும் மாறவில்லை.

"அவன் ஊரை அவன் எப்படி வேணா கூப்பிட்டுக்கட்டும்யா. நம்ம இங்கிலீஷ்ல ஏன் மூக்கை நுழைக்கிறான்?" என்பார். மயிலாப்பூர்க்காரர் வாயில் அது எப்போது 'நம்ம இங்கிலீஷ்' ஆயிற்று என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை. 1995-இல் மும்பை, 1996-இல் சென்னை, 2001-இல் கொல்கத்தா என்று நாமே அந்த மூக்கை மூன்று முறை நுழைத்தோமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அன்று எனக்கு வானிலைப் பட்டியலைத் திருத்தும் வேலை கிடைத்தது.

ஆனால் அவர் கட்சியிலும் பலம் இருந்தது. பெய்ஜிங்கின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் பீகிங் பல்கலைக்கழகம்தான். விமான நிலையக் குறியீடு பி-ஈ-கே. வாத்தும் பீகிங் வாத்துதான். சிங்தாவ் நகரத்தை இப்போது கியூவில் தொடங்கி எழுதுகிறார்கள், அந்த ஊர் பீரோ பழையபடி டி-யில்தான் தொடங்குகிறது. "ஊர் மாறலாம்யா, பாட்டில் மாறக்கூடாது!" என்று அதைக் காட்டி வெற்றிச் சிரிப்பு சிரிப்பார். நம் பக்கமும் கதை இதுதான். மெட்ராஸை சென்னையாக்கு என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டு, ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றினான் ஒரு புதுப் பையன். உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் இன்றுவரை மெட்ராஸ் ஹைகோர்ட் என்பது அவனுக்குத் தெரியாது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மருத்துவப் பக்கத்தில் கண் சிவந்தவர்களுக்கெல்லாம் 'சென்னை ஐ' வந்துவிட்டது.

பெரிய சண்டை உக்ரைன் தலைநகரத்தால் வந்தது. கே-ஐ-ஈ-வி என்பது ரஷ்ய மொழி வழியாக வந்த ஸ்பெல்லிங். உக்ரைன் மொழி வழியாக எழுதினால் கே-ஒய்-ஐ-வி. 1995-லிருந்தே உக்ரைன் அரசு இரண்டாவதைத்தான் எழுதிவந்தது, வெளியே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகு அந்த ஒய் வெறும் எழுத்தாக இருக்குமா? 2018-இல் உக்ரைன் வெளியுறவு அமைச்சகம் உலகப் பத்திரிகைகளையும் விமான நிலையங்களையும் இதற்காகத் துரத்த ஆரம்பித்தது. 2019 ஜூனில் அமெரிக்க வாரியம் ஒப்புக்கொண்டது. ஆமாம், பிட்ஸ்பர்கிடம் சூடுபட்ட அதே வாரியம். ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ், அக்டோபரில் பிபிசி, வருஷக்கணக்கில் வாதாடிவிட்டு 2020 செப்டம்பரில் விக்கிப்பீடியா.

அசோசியேட்டட் பிரஸ் ஊரின் ஸ்பெல்லிங்கை மாற்றிய கையோடு, வெண்ணெய் அடைத்துப் பொரிக்கும் 'சிக்கன் கீவ்' மட்டும் பழைய ஸ்பெல்லிங்கிலேயே இருக்கும் என்று அறிவித்தது. ஊருக்கு ஒரு நீதி, கோழிக்கு ஒரு நீதி. 2022-இல் போர் மூண்டதும் பிரிட்டனில் சைன்ஸ்பரீஸ் கடைக்காரர்கள் கோழிக்கும் ஒய் வாங்கிக் கொடுத்தார்கள்.

அதற்குள் ஓய்வுபெற்றுவிட்ட சீஃப் சப், போனில் பிடித்துக்கொண்டார். "ஜெர்மன்காரன் மூன்ஷென்கிறான். நாம மியூனிக்னுதானே எழுதறோம்? அவனுக்குக் கொடுக்காததை இவனுக்கு மட்டும் ஏன்யா கொடுக்கணும்?"

"அவங்க கேக்கலையே, சார்" என்றேன்.

என்னைக் கேட்டால் வழக்கின் சாரம் இவ்வளவுதான். இத்தாலியில் லிவோர்னோ என்றொரு துறைமுகம் உண்டு. ஆங்கிலேயர் வாயில் அது லெகார்ன் ஆயிற்று. நாமக்கல் பக்கம் முட்டைக்காக வளர்க்கும் கோழிகளின் மூதாதையான வெள்ளை லெகார்னுக்குப் பெயர் அந்த ஊரால் வந்ததுதான். லிவோர்னோக்காரர்கள் கோழிப் பண்ணை வாசலில் கொடி பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. லியோன், மார்செய் என்ற பிரெஞ்சு ஊர்களின் வாலில் ஆங்கிலேயர் வெகுகாலம் ஓர் எஸ்ஸை ஒட்டிவைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பதிலுக்கு இன்றுவரை லண்டனின் வாலில் ஓர் எஸ் ஒட்டி எழுதுகிறார்கள், அதையும் உச்சரிப்பதில்லை. கணக்கு நேர். டுரின் நகரம் 2006 குளிர்கால ஒலிம்பிக்கை 'டொரினோ 2006' என்று நடத்தியபோது, ஒரே போட்டியை என்பிசி தொலைக்காட்சி டொரினோவிலும் அசோசியேட்டட் பிரஸ் டுரினிலும் பார்த்தன. குடியொன்றும் முழுகவில்லை. கீவ் கேட்டது வேறு மாதிரி. தன்னை விழுங்கப் பார்க்கிறவன் மொழியில் தன் பெயரை எழுதாதே என்று கேட்பவனிடம் ஸ்டைல் புக்கைக் காட்டுவது அழகில்லை.

கேட்பது யார் என்பதில்தான் வில்லங்கம். 2020 ஜூனில், ஊரடங்கில் நாமெல்லாம் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, 1,018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசின் ஆணை வெளியானது. நோக்கத்தில் குறையில்லை. தூத்துக்குடியை ட்யூட்டிகோரின் என்று எத்தனை நாள் எழுதுவது? ஆனால் பத்து எழுத்தில் இருந்த கோயம்புத்தூர் பதினான்கு எழுத்துக்கு வீங்கியது. பாங்க் பாரத்தில் கட்டம் போதாது. திண்டுக்கல் ஆங்கில D-யை இழந்து T-H-இல் நின்றது. வேலூர் கதிதான் பரிதாபம். புது ஸ்பெல்லிங்கைப் படித்தால் 'வீலூர்' என்று வந்தது. ஊர்க்காரர்கள் கேட்காமலே வந்த பரிசு, ஊர்க்காரர்களே சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

சீஃப் சப் அன்று போனில் பேசிய உற்சாகத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெளியான ஒன்பது நாளைக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நிபுணர்களைக் கலந்து இரண்டு மூன்று நாளில் திருத்திய பட்டியல் வரும் என்றார் அமைச்சர். கோயம்புத்தூர் ஆங்கிலத்தில் இன்னும் சி-யில்தான் தொடங்குகிறது.