வைஃபை வாட்ச்மேன்

வயது நாற்பதைத் தாண்டி நாலைந்து. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடி ஒன்றில் மூன்றாவது மாடி. வீட்டுக்கடன் முடிய இன்னும் பல வருஷம் பாக்கி. எட்டாவது படிக்கும் ஒரு மகள், நான்காவது படிக்கும் ஒரு மகன். ராத்திரி ஒன்பதரை ஆனால் ஹாலில் இருக்கும் ரவுட்டரின் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷம்தான்... நாலு நிமிஷம்..." என்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறவரைப் போல எண்ணிக்கொண்டு நிற்பார். இவரைக் கோவை சரவணம்பட்டியிலும் பார்க்கலாம், மதுரை கே.கே. நகரிலும் பார்க்கலாம். ஊருக்கு ஊர் ரவுட்டர் கம்பெனி மாறும், ஆள் ஒருவர்தான். கூப்பிடும்போது அப்பா. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது வாட்ச்மேன்.

பிள்ளைகளின் மனநலத்தில் அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்தப் பிள்ளை எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் இருந்தது என்று சொல்லும் ஃபேமிலி லிங்க் அவர் போனில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கும் இரண்டாவது சட்னிக்கும் இடையே வாரக் கணக்கு வாசிக்கப்படும்.

"யூடியூப் நாலு மணி நேரம் இருபது நிமிஷம். என்னடா பார்த்தே?"

"சயின்ஸ் ப்ராஜெக்ட் பா."

"நாலு மணி நேரமா?"

"எரிமலை பா."

அவர் போனிலும் இதே கணக்கைக் காட்டும் வசதி உண்டு. அதை அவர் திறந்து பார்த்ததில்லை. அது ஆபீஸ் போன்.

எச்சரிக்கைப் பணியில் அவருக்கு நீண்ட அனுபவம். 2017-இல் நீலத்திமிங்கல விளையாட்டுப் பீதி கிளம்பி, மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்த நாட்களில், குடும்ப குரூப், ஆபீஸ் குரூப், பழைய மாணவர் குரூப் மூன்றுக்கும் விடிவதற்குள் செய்தி அனுப்பி முடித்தவர். அடுத்த வருஷம் மோமோ வந்தது. பிதுங்கிய கண், காதுவரை கிழிந்த வாய். அந்த முகம் ஜப்பானியக் கலைஞர் கெய்சுகே ஐசோ 2016-இல் செய்த சிற்பத்தினுடையது. அது வாட்ஸ்அப்பில் வந்து பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்ற கதைக்கு உருப்படியான ஆதாரம் எங்கேயும் கிடைக்கவில்லை. 2019 தொடக்கத்தில் பிரிட்டனின் குழந்தை நல அமைப்புகள் இது புரளி என்றதோடு, பெரியவர்கள் சுற்றவிடும் எச்சரிக்கைகளே பிள்ளைகளைக் கலங்கடிப்பதாகவும் கவலைப்பட்டன. வாட்ச்மேன் அதற்கு முன்பே அந்தப் படத்தைப் பெரிதாக்கி, அப்போது ஒன்றாவது படித்துக்கொண்டிருந்த மகளின் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்த மூஞ்சியைப் பார்த்தா உடனே அப்பாகிட்ட சொல்லணும், சரியா?" என்று சொல்லிவைத்திருந்தார். குழந்தை சொல்பேச்சு கேட்கிற குழந்தை. பாத்ரூம் போகையில் சொன்னாள், பால்கனிக் கதவைத் திறக்கையில் சொன்னாள், விளக்கை அணைத்ததும் சொன்னாள். அந்த மாத மின்கட்டணத்தில் மோமோவின் பங்கும் இருந்தது.

அதே மகள் ஆறாவது படிக்கையில் டான்ஸ் வீடியோ போடுவதற்கு இன்ஸ்டாகிராம் கேட்டாள். 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றது படிவம். பிள்ளை அழுதது. வீட்டில் விருந்தாளிகள் வேறு. வாட்ச்மேன் தன் கையாலேயே பிறந்த ஆண்டு 1991 என்று போட்டுக்கொடுத்தார்.

அந்த 13-க்கு ஒரு கதை உண்டு. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் இணையத்தில் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998-இல் சட்டம் போட்டது. சம்மதம் வாங்கும் தொல்லை எதற்கு என்று கம்பெனிகள் அந்த வயதையே வாசற்படியாக வைத்துக்கொண்டன. படியைத் தாண்ட ஒரு பொய் போதும். அந்தப் பொய்யின் பலனை வீட்டில் இப்போது அனுபவிக்கிறார்கள். கணக்குப்படி மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. முடி உதிராமலிருக்க எண்ணெய், டேர்ம் இன்ஷூரன்ஸ், வரன் பார்க்கும் தளம் எல்லாம் அவளைத் தேடி வருகின்றன. இதுவரை சிரிக்கலாம். 2025 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா இந்தியாவிலும் பதின்பருவக் கணக்குகளைக் கொண்டுவந்தது. கணக்கு தானாகவே பூட்டிய நிலையில் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணிவரை அறிவிப்புகள் வாயை மூடிக்கொள்ளும். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. முப்பது தாண்டியவளுக்கு எதற்கு?

வாட்ச்மேன் ரவுட்டரை அணைத்த பிறகு நடப்பது தனிக் கதை. பாட்டிக்கு ஒரு போன் உண்டு. மாதா மாதம் மகனே ரீசார்ஜ் செய்துவிடுவார். தினம் இரண்டு ஜிபி. பாட்டி பார்ப்பது காலையில் கோயில் நேரலை, மதியம் ஒரு சமையல் வீடியோ. மிச்சமெல்லாம் வீணாகிறதே என்ற ஆதங்கத்தில் பேரன் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டான். "ஏதோ குழந்தை புள்ளி புள்ளியா ஒண்ணை அமுக்கச் சொன்னான், அமுக்கினேன்" என்பதற்கு மேல் பாட்டி வாக்குமூலம் தரவில்லை.

தென்கொரியா 2011-இல் இதே சுவிட்சை நாடு முழுவதற்கும் வைத்துப் பார்த்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் விளையாட்டில் நுழையக் கூடாது என்று சட்டம். அங்கேயும் பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். விளையாட்டுகளும் மெல்லக் கணினியிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்தன, சட்டம் கணினியிலேயே நின்றது. 2021-இல் அரசு அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஓர் அரசாங்கம் பத்து வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டதை நான்காம் வகுப்புப் பையன் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் நிரூபித்துவிட்டான்.

விஷயம் வெளியே வந்ததும், "இவன் அடிக்ட் ஆயிட்டான்" என்று வாட்ச்மேன் தீர்ப்பு எழுதினார். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு இருப்பதைக் கண்டுபிடித்து, ரயிலுக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டார். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மை. 2022-இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் விளையாட்டுக்காக மற்ற எல்லாவற்றையும் கைவிட்டு, படிப்பும் உறவும் கெட்டு, அந்த நிலை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். இவர் மகன் விளையாட்டை நடுவில் நிறுத்திவிட்டு மூன்று தோசை சாப்பிடுகிறவன். அம்மா டிக்கெட்டைத் தடுத்தார்.

மகளுக்கும் வயதாகிறது அல்லவா, அவள் ஆராய்ச்சியோடு வந்தாள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 3,55,358 பதின்பருவத்தினரின் தரவுகளை அலசி 2019-இல் வெளியிட்ட முடிவு: பிள்ளைகளின் மனநலத்தில் தெரியும் வேறுபாடுகளில் திரைச்சாதனப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம். அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் கிட்டத்தட்ட அதே அளவு. இதை அவள் ராத்திரி சாப்பாட்டில், அப்பா மூன்றாம் தடவையாக உருளைக்கிழங்கு ரோஸ்ட் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வாசித்தாள். வாட்ச்மேன் கரண்டியைக் கீழே வைத்தார். வரலாற்றில் ஒரு ஆய்வுக் கட்டுரை தமிழ்ச் சாப்பாட்டு மேஜையில் இவ்வளவு உடனடி விளைவை ஏற்படுத்தியிருக்காது.

ஆனால் மகள் சொல்லாமல் விட்டதும் உண்டு. அது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரி. ஒரு குழந்தைக்கு ஒன்றுமே ஆகாமல், இன்னொன்றுக்குத் தூக்கமே போயிருந்தாலும் சராசரி சாதுவாகத்தான் இருக்கும். 2021-இல் ஃபிரான்செஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் சுருங்கியிருந்த பதின்பருவப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். கம்பெனிக்கே தெரிந்திருந்தது. விரலை இழுக்க இழுக்க முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தியவர். அந்தப் பக்கம் இத்தனை பொறியாளர்கள், இந்தப் பக்கம் ஒரு ரவுட்டர் சுவிட்சும் பனியன் போட்ட ஒரு மனிதரும். இந்த இடத்தில் அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வரத்தான் செய்கிறது.

வந்த இரக்கத்தைக் கெடுக்கவும் அவருக்குத் தெரியும். மகளின் இணைய வாழ்க்கை அவள் கணக்கு தொடங்கிய அன்று ஆரம்பிக்கவில்லை. முதல் மொட்டை, காதுகுத்து, எல்கேஜி பட்டமளிப்பு, அரையாண்டு மதிப்பெண் அட்டை, அம்மை போட்ட முகம் வேப்பிலையோடு என்று எல்லாமே அப்பாவின் ஸ்டேட்டஸில் ஏறியவை. யாரும் அவளிடம் கேட்டதில்லை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுவரை குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் இல்லாமல் குழந்தையின் தரவைத் தொடக் கூடாது என்கிறது. டெல்லியில் சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் ஒரு பொறுப்புள்ள பெற்றோர் இருந்திருக்கிறார். நம் ஊரில் அவர் இவர்தான்.

போன தை மாதத்துக் கல்யாணம் ஒன்றில், பல்லுக்கு கிளிப் போட்ட மகள் வாய் நிறைய ஜாங்கிரியோடு சிரிக்கும் படத்தை 'என் தேவதை' என்று போட்டார். மறுவாரம் அது ஸ்டிக்கர் ஆனது. வகுப்புப் பெண்கள் அவளை மட்டும் விட்டுவிட்டு ஆரம்பித்த ஒரு குரூப்பில் எதற்கெடுத்தாலும் அந்த ஜாங்கிரி முகம். மகள் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமையானால் வயிற்றுவலி என்றாள். ஃபேமிலி லிங்கில் அந்த இரண்டு வாரமும் அவள் திரைநேரம் பாதியாகக் குறைந்திருந்தது. வாட்ச்மேன் பூரித்துப் போய், ஆபீஸில் இரண்டு பேருக்கு ஆலோசனைகூடச் சொன்னார்.

அவள் சொன்னது திருச்சியிலிருக்கும் சித்தியிடம்.

"ஏன்டி, அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னா முதல்ல என் போனைத்தான் பிடுங்குவாரு சித்தி."

இதுதான் வாட்ச்மேன் முறையின் பெரிய ஓட்டை. புகார் கொடுக்க வருகிறவருக்கே தண்டனை என்று ஊரில் தெரிந்த பிறகு காவல் நிலையத்துக்கு யார் வருவார்கள்? பிள்ளைக்குத் தெரியாத நபர் ஒருவர் செய்தி அனுப்பினாலும், படத்தை வைத்து யாராவது மிரட்டினாலும், அந்த வீட்டில் அது கடைசியாக அப்பாவின் காதுக்குத்தான் வரும். சித்தி பேசிய விதம் வேறு. ஏன் போன், எதற்கு இன்ஸ்டா என்று ஆரம்பிக்கவில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்றுதான் கேட்டார். ஸ்டிக்கர் வந்த இடங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கச் சொன்னார். அக்காவை வகுப்பாசிரியையிடம் பேசவைத்தார். இன்னும் கனமாக இருந்தால் யாரிடமாவது பேசிக்கொள்ளட்டும் என்று குழந்தைகளுக்கான 1098-ஐயும், 2022-இல் தொடங்கிய மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416-ஐயும் எழுதி அனுப்பினார். மூன்று கடவுச்சொல்லும் நான்கு கட்டுப்பாட்டுச் செயலியும் தலைகீழாகத் தெரிந்த வாட்ச்மேனுக்கு இந்த இரண்டு எண்ணும் தெரியாது.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவருக்குச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் வைஃபை நேரத்தை ஒன்பதரையிலிருந்து ஒன்பதாக்கினார். அந்தப் படம் மட்டும் அவர் கேலரியில் இன்னமும் இருக்கிறது. நன்றாக வந்த படமாம்.

இப்போது அவர் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்திருக்கிறார். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். அங்கே 2022 முதல் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஊதும். ஊரே டிவியையும் போனையும் ஒன்றரை மணி நேரம் அணைத்துவைக்கும். பிள்ளைகள் படிப்பார்கள், மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் ஆட்கள் வீடு வீடாகப் போய் நினைவுபடுத்தவும் செய்தார்கள். சைரன் ஊதினால் அணைக்க வேண்டியது முதலில் பெரியவர்களின் போன் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை வாட்ச்மேன் குடியிருப்போர் சங்க குரூப்பில் போட்டார். 'நம் குழந்தைகளுக்காக நாமும் செய்வோமா?'

ராத்திரி எட்டு மணிக்குப் போட்டது. ஏழு மணிக்கு அமெரிக்காக்காரனோடு கால் இருக்கிறது என்றார் பி பிளாக். சீரியல் முடிந்து ஒன்பதுக்கு வைக்கலாமே என்றது ஏ பிளாக். சைரன் சத்தத்துக்குத் தங்கள் நாய் பயப்படும் என்று ஒருவர் நாயின் படத்தையும் சேர்த்துப் போட்டார். சைரன் செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ப்பதா, தனியாக வசூலிப்பதா என்று பொருளாளர் கேட்டதும் பழைய லிஃப்ட் கணக்கு வெளியே வந்தது. பதினொன்றரைக்குச் செயலாளர் ஒரு வாக்கெடுப்பு தொடங்கினார். பன்னிரண்டரைக்கும் வாட்ச்மேன் ஒவ்வொருவருக்கும் கட்டைவிரலால் பதில் தட்டிக்கொண்டிருந்தார். சைரன் வேண்டும் என்பவர்கள், சைரன் இல்லாமல் வேண்டும் என்பவர்கள், பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டும் என்பவர்கள் என்று வாக்குகள் மூன்றாகப் பிரிந்துகொண்டிருந்தபோது, சி பிளாக்கிலிருந்து ஒருவர் கேட்டார்: "சார், நாளைக்குத் தண்ணி லாரி எத்தனை மணிக்கு?"