அயலவனும் எல்லைக் கதியாலும்

கேள்வி: ஞாயிறுதோறும் கோயிலில் கேட்கும் வேதவசனத்தைத் திங்கட்கிழமை முதல் அனுசரிப்பது எங்ஙனம்?

– உடுவில் வாசகர்

பதில்: நமக்கு முன்னரே அனுசரித்துக் காட்டியவர்கள் இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கிப்பதோடு அமையாது, மானிப்பாயிலே நோயாளருக்குச் சிகிச்சை செய்தும், மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தைத் தமிழிலேயே போதித்து நம்மவரை வைத்தியராக்கியும், அதற்குரிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தும், 1873இல் தாயகம் திரும்பினார். அவர் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி மானிப்பாயில் இன்றும் இருக்கிறது.

கடல் கடந்து வந்து அயலவனை நேசித்தவர் அவர். நாமோ, அயலவன் கடலுக்கு அப்பால் இருக்கும்வரை அவனை நேசிப்பதில் யாதொரு ஆட்சேபமும் இல்லாதவர்கள். அவனே வேலிக்கு அப்பால் குடியிருந்து, வருஷாவருஷம் வேலியடைக்கும் வேளையில் எல்லைக் கதியால் தன் காணிக்குள் ஒரு சாண் நடந்து வந்த அதிசயத்தைப் பற்றி விசாரிக்கத் துணிந்தானாயின், வேதபுஸ்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுக் காணி உறுதியைக் கையிலெடுத்துக்கொண்டு அப்புக்காத்து வீட்டுக்குப் புறப்படுகிறோம். பூர்வ எல்லைக்குறியை மாற்றலாகாதென்று நீதிமொழிகளிலே விதித்தவர் யாழ்ப்பாணத்து வேலிகளைக் கண்டிருக்க மாட்டார் என்று நம்புவது எனக்குச் சிரமமாகவே இருக்கிறது.

ஆகையால், தாங்கள் வேதம் முழுவதையும் ஒரே வாரத்தில் அனுசரிக்க முயன்று களைத்துப்போக வேண்டாம். வருகிற திங்கட்கிழமை அந்தக் கதியாலைப் பிடுங்கி உறுதியிற் கண்ட இடத்தில் நாட்டுங்கள், மற்ற வசனங்களைச் செவ்வாய்க்கிழமை ஆரம்பிக்கலாம்.