சூலம் கிழக்கு

கனடாவின் வடக்கே ஓர் ஏரிக்கரை வீட்டில் நான் குடியேறி இன்றோடு 63 நாள். விறகடுப்பு இருக்கிறது, படுக்கக் கட்டில் இருக்கிறது, ஜன்னலைத் திறக்காமலேயே ஏரி தெரிகிறது. ஆனாலும் கிளம்பியாக வேண்டும். தீக்குச்சி ஒன்பதுதான் மிச்சம். எங்கே போவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். யோசிக்கிற இடம் மட்டும் மதுரை. மாதம் மே. தலைக்கு மேலே மின்விசிறி, இருக்கிற அனலை வீணாக்காமல் எல்லோருக்கும் சமமாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறது.

மகன் விடுதிக்குப் போகும்முன் என் கணினியில் ஏற்றிவைத்துவிட்டுப் போன விளையாட்டு இது. பெயர் 'தி லாங் டார்க்'. வான்கூவர் தீவில் இருக்கும் ஹின்டர்லாண்ட் என்ற நிறுவனம் செய்தது. 2014இல் பாதி வெந்த நிலையில் விற்பனைக்கு வந்து, 2017இல்தான் முழுதாக வெந்தது. கதை சின்னது. கிரேட் பேர் என்று ஒரு கற்பனைத் தீவு. பூமியின் காந்தப்புலத்தில் ஏதோ கோளாறாகி, மின்சாரத்தில் ஓடுகிற எல்லாமே நின்றுவிட்டது. பனிக்காட்டில் நீங்கள் தனியாள். குளிர், பசி, தாகம், அசதி என்று நாலு கடன்காரர்கள் முறைவைத்து வாசலுக்கு வருவார்கள். கதைப் பகுதி தனியாக உண்டு. நான் ஆடுவது 'உயிர்பிழைத்தல்' பகுதி. அதில் காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள், ஜெயிப்பது என்ற பேச்சே கிடையாது. எத்தனை நாள் தாக்குப்பிடித்தீர்கள் என்பதுதான் கணக்கு. அடிப்படை விதி, செத்தால் சேமித்து வைத்த ஆட்டமும் அழிந்துபோகும் என்பது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடினநிலைகளில் ஒன்றை முதலிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மிக எளிதானது 'பில்கிரிம்', அதாவது யாத்திரிகர். அதில் ஓநாய் நம்மைக் கண்டால் ஓடும். மகன் ஆடுவது 'இன்டர்லோப்பர்'. துப்பாக்கியே கிடைக்காது, கத்தி வேண்டுமென்றால் உலைக்களம் தேடிப்போய்த் தானே அடித்துக்கொள்ள வேண்டும். நான் நடுத்தர வர்க்கத்துக்குரிய பொறுப்புடன் இரண்டாவது நிலையான 'வாயஜர்' எடுத்தேன். சொல்லுக்குப் பயணி என்று அர்த்தம். 63 நாளாக ஒரே வீட்டில் இருக்கும் பயணி.

"இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கீங்களா?" என்று மனைவி தினமும் கேட்கிறாள். பத்து வருஷமாகக் கொடைக்கானல் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பவன் என்பதால், கேள்வியில் ஒரு கூர் இருக்கிறது.

அவளுக்குப் புரியாதது, இந்த வீட்டை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பது. விறகு ஒரு மூலை. காபி டப்பாக்கள் அலமாரியில் வரிசையாக. காய்ந்த மான் தோல் தரையில். படிப்பதற்கும் எரிப்பதற்கும் பயன்படும் புத்தகங்கள் தனியாக. ஆமாம், இந்த விளையாட்டில் புத்தகத்தைப் படித்துத் திறமையை வளர்த்துக்கொள்ளலாம், அல்லது அடுப்பில் போடலாம். எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எரிக்க மாட்டேன் என்று முதல் வாரம் சபதம் எடுத்தேன். ஐந்தாம் வாரம், தடிமனான புத்தகம் எவ்வளவு நேரம் எரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உட்கார்ந்த இடத்தில் வாழ விடமாட்டார்கள். கிடைத்ததெல்லாம் ஒருமுறைதான். ஓர் அலமாரியைத் துடைத்து எடுத்தால் அது மறுபடி நிரம்பாது. துணி நாளுக்கு நாள் நைந்துபோகும், தைக்கிற நூல்பெட்டி தீரும். அப்படியும் நகராமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் 'கேபின் ஃபீவர்' என்று ஒரு வியாதி வரும். வந்துவிட்டால் கூரைக்குக் கீழே தூக்கம் பிடிக்காது. வெளியே பொழுதைக் கழித்தால்தான் தெளியும். எங்கள் வீட்டில் இதே வியாதி, கோடை விடுமுறையின் மூன்றாம் வாரத்தில், குடும்பத்துக்கே வரும்.

ஆக, எங்கே?

மேற்கே ரயில்பாதையைப் பிடித்துப் போனால் ஃபோர்லார்ன் மஸ்கெக் என்ற சதுப்புநிலம். அங்கே உலைக்களம் இருக்கிறது. ஆனால் அரைகுறையாக உறைந்த பனிக்கட்டி. கால் வைத்த இடம் சரியில்லையென்றால் உள்ளே போய் நனைந்து, நனைந்த துணி உடம்பிலேயே உறைந்துவிடும். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு நல்ல வீடு கிடையாது. தெற்கே ஒரு பள்ளத்தாக்கைக் கடந்தால் கோஸ்டல் ஹைவே. வீடுகள் உண்டு, சாலையில் விட்டுப்போன கார்கள் உண்டு, காற்றுக்கு ஒதுங்கிக் காருக்குள்ளேயே தூங்கலாம். ஊர் மாதிரி ஊர். அந்த ஊரில் நடமாடுகிறவர்கள் முழுக்க ஓநாய்கள். கிழக்கே அணைக்கட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கி, உறைந்த ஆற்றோடு நடந்து, ஒரு குகையைத் தாண்டினால் ப்ளெசன்ட் வேலி. பெரிய பண்ணைவீடு, நிறைய சாமான். பெயர்தான் 'இனிமையான பள்ளத்தாக்கு'. பனிப்புயலுக்குப் பேர்போன இடம். குடியிருப்புக்கு நடுவில் குளத்தைத் தூர்த்து 'லேக் வியூ' என்று பெயர் வைக்கிறவர்களின் ஒன்றுவிட்ட தம்பி யாரோ அங்கேயும் இருந்திருக்கிறார்.

அங்கிருந்து இன்னும் போனால் டிம்பர்வுல்ஃப் மலை. உச்சியில் விழுந்து நொறுங்கிய விமானத்தின் சரக்கு இருக்கிறது, கயிறு பிடித்து ஏறி எடுக்கலாம். அதற்கும் அப்பால் ஆஷ் கேன்யனில், கூடுதலாக ஐந்து கிலோ சுமக்க உதவும் ஒரு முதுகுப்பை. ஐந்து கிலோவுக்காக இத்தனை மலை ஏறுவதா என்று சிரிக்காதீர்கள். நான் சுமக்க முடிவது 30 கிலோ. அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும் நடை தளரும், சரிவில் கணுக்கால் சுளுக்கும்.

மூட்டை கட்டத் தொடங்கினேன். படுக்கைச் சுருள், கோடரி, கத்தி, துப்பாக்கி. தண்ணீர் மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. சுற்றிலும் பனியாகவே கிடந்தாலும் விறகு எரித்து உருக்கிக் காய்ச்சினால்தான் குடிக்க முடியும். கறி ஆறு கிலோ. விறகு. மாற்று பூட்ஸ். போகிற இடத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு வாணலி. 47 கிலோ வந்தது. எங்கள் குலதெய்வம் கோயிலுக்கு ஒருநாள் பயணம் கிளம்பும்போதும் இதே எடைதான் வரும்.

வரைபடம் பார்க்கலாமே என்பீர்கள். இருக்கிறது; நான் வரைந்ததுதான். அணைந்த அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து, நின்ற இடத்திலிருந்து தெரிவதைக் குறிக்க வேண்டும். போகாத இடம் வெறும் வெள்ளை. போன இடம் தெரியும், ஆனால் அதில் நான் எங்கே நிற்கிறேன் என்பது தெரியாது. கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்லும் பெரியப்பா வரைந்த மாதிரி.

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாரமாக இதையெல்லாம் கவனிக்கிறாள். முதல் நாள், "அந்த நாய் ஏன்டா உறுமுது?" என்றாள். ஓநாய் என்றேன். "அதுக்குச் சோறு வெச்சியா?" என்றாள். வெள்ளிக்கிழமை நான் ஓநாய்க் கறி வாட்டுவதைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று, மூன்று வழியையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்துபோய், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை. சூலம் கிழக்கு. கிழக்கே போகாத."

"அம்மா, அங்கே என்ன கிழமைன்னே தெரியாது."

"உனக்கு இங்கதானே கிழமை?"

இதற்குப் பதில் இல்லை. மேற்கே போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சதுப்புநிலம் கண்முன் வந்தது. தெற்கே ஓநாய். ஒரு காரணம் கிடைத்தால் போதும், நான் 64ஆம் நாளையும் இங்கேயே கழித்துவிடுவேன் என்று அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "பரிகாரம் தயிர்னு போட்டிருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றாள்.

"தயிர் தீந்துபோச்சு அத்தை. வெயிலுக்கு எல்லாத்தையும் மோராக்கிட்டேன்" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கிழக்கே கிளம்பினேன். இரண்டாவது வாணலியை மட்டும் விட்டுவிட்டேன். அணைக்கட்டுக்குள் கும்மிருட்டு. மறுபக்கம் ஆறு கண்ணாடிபோல் உறைந்து, அழகாக இருந்தது. குகையைத் தாண்டி வெளியே வந்தபோது வானம் தெளிவு. இனிமையான பள்ளத்தாக்குதான் போலிருக்கிறது என்று நினைத்து முடிக்கவில்லை, புயல் பிடித்தது. கைப்பந்தம் அணைந்தது. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. என் காலடித் தடத்தையே பனி மூடிவிட்டது. பண்ணைவீடு இருக்கும் திசை என்று நம்பி அரைமணி நேரம் நடந்தேன். ஒரு பாறை தெரிந்தது. பாறையில் ஓர் ஓட்டை. நான் வந்த குகை.

அதற்குள் போய் ஒரே குச்சியில் தீ மூட்டி, கறியைத் தின்று, தூங்கி, மறுநாள் ஆற்றோடு நடந்து, அணைக்கட்டைத் தாண்டி ஏரிக்கரை வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். காபி டப்பாக்களை மறுபடி அலமாரியில் வரிசையாக அடுக்கினேன். தீக்குச்சி எட்டு.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றேன் அம்மாவிடம். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா காலண்டரை ஒருமுறை பார்த்தாள், காலி டம்ளரை ஒருமுறை பார்த்தாள்.

"மோருங்கறதாலதான்டா பாதியில திரும்பிட்ட. தயிரா இருந்தா போய்ச் சேர்ந்திருப்ப."