பல்லியும் பள்ளியும்

ராத்தாவின் மகன் கொரியாவில் இருந்து வந்து இறங்கியபோது கற்பிட்டியில் சோழகம் மூண்டு அடித்துக்கொண்டிருந்தது. கொரிய பாஷையில் பரீட்சை எழுதி, அரசாங்கம் மூலமாகப் போன வேலை. ஒரே மூச்சில் 4 வருஷமும் 10 மாதமும் நிற்கலாம். அவன் ஒரு நாளையும் வீணாக்காமல் நின்றுவிட்டு வந்தான்.

போன புதிதில் உம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறான்: "சாஜாங் விடிஞ்சா பொழுதுபட்டா பல்லி பல்லி எண்டு கத்துறார்." சாஜாங் என்றால் முதலாளி. பல்லி என்றால் கெதியா. ராத்தாவுக்கு அந்த இரண்டாவது அர்த்தம் போய்ச் சேரவில்லை. "அவ்வளவு பெரிய கம்பெனியில இவ்வளவு பல்லியா? சோத்த மூடி வை மகன்" என்று ஐந்து வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தா.

வந்தவனின் வாயில் ஓயாமல் இருந்தது இத்தேவோன். அவன் வேலை பார்த்த அன்சானில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலே போனால் சியோலில் வரும் இடமாம். மேட்டின் மேலே 1976இல் திறந்த பள்ளி. அதைச் சுற்றித் துருக்கிக்காரன் கடை, பாகிஸ்தான்காரன் கடை, உஸ்பெக்காரன் கடை. வாரத்தில் ஆறு நாள் பல்லி, ஏழாம் நாள் பள்ளி என்று காலம் போயிருக்கிறது. "ஒரே ரோட்டுல உலகம் முழுக்கப் பாக்கலாம் மாமா. நம்மட ஊர்ல என்ன இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய கரையடா இது என்றேன். அவர் பத்தாலா என்று எழுதியது நம் புத்தளத்தைத்தான் என்பார்கள். சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சத்தார் இருக்கிறார்கள், கோட்டையை ஒல்லாந்தன் கட்டினான், 1990இல் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட சனத்துக்கு இடம் கொடுத்த ஊர், நுரைச்சோலையில் சீனாக்காரன் கட்டிய மின்சார நிலையம் என்று அடுக்கினேன். அவன் கொட்டாவி விட்டான். சரி, பின்னேரம் கண்டக்குளிக்கு வா என்றேன்.

கண்டக்குளியில் விற்பது காற்று. நான் சும்மா சொல்லவில்லை. சோழகம் கிளம்பினால் வாப்பா காற்றை ஏசி ஏசித்தான் தோணியைக் கரைக்கு இழுப்பார். அதே காற்றுக்காக வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். இடுப்பில் பட்டி, காலில் பலகை, தலைக்கு மேலே ஒரு வீட்டுக் கூரையளவு பட்டம். காற்று ஓய்ந்தால் மையத்து வீட்டு முகத்தோடு மணலில் குந்தியிருக்கிறார்கள். காற்றுக்கு இவ்வளவு விலை என்று தெரிந்திருந்தால் வாப்பா கொஞ்சம் மரியாதையாக ஏசியிருப்பார்.

ஹோட்டல் வாசலில் இங்கிலீஷில் ஒரு போர்ட், ரஷ்ய எழுத்தில் ஒரு போர்ட். தமிழுக்கும் சிங்களத்துக்கும் பலகை தீர்ந்துபோயிருக்க வேண்டும். மெனுவோடு வந்த பொடியன், "வெல்கம் சேர், வெயார் ஆர் யூ ஃப்ரம்?" என்றான்.

"கற்பிட்டி."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. விசாரித்தால் அவன் குருநாகல். பக்கத்து ஊர்க்காரனான நான் அவனுக்கு வெளிநாட்டான். மெனுவில் பிளேன்டீயின் விலையைக் காட்டி மருமகன் கண்ணை விரித்தான். பொடியன் குனிந்து, சிங்களத்தில், காதோடு சொன்னான்: "கேட்டுக்கு வெளியே ஒரு கடை இருக்கு சேர். நானும் அங்கதான் குடிக்கிறேன்."

தகரக் கூரை, இரண்டு வாங்கு. பட்டம் பழக்கும் நம் பொடியன்களும், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட நாலைந்து வெள்ளைக்காரர்களும் முட்டி இடித்துக்கொண்டு பராட்டாவும் மாசிச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தது. மருமகன் காதைத் தீட்டினான். "கொரியாக்காரி மாமா!"

எழும்பிப் போய் ஏதோ பேசினான். அந்தப் பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தது, சிரித்தது, பராட்டா புரையேறும்வரை சிரித்தது. திரும்பி வந்தவனின் காது சிவந்திருந்தது. இவன் பழகியது சாஜாங் தொழிலாளியை அதட்டும் பாஷையாம். சுகம் கேட்கப் போய் அதட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"அன்சானில் இருந்தேன் எண்டேன் மாமா. அவ அங்க போனதே இல்லையாம். அங்க முழுக்க வெளிநாட்டுக்காரங்கதானே எண்டு கேக்கிறா."

நான் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் வெளியே தென்னை ஓலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காற்று! வாங்கில் இருந்த அத்தனை வெள்ளைக்காரர்களும் பாதிப் பராட்டாவோடு எழும்பினார்கள். அந்தப் பிள்ளையும் காசை நீட்டிக்கொண்டு, மிச்சக் காசுக்காகக் கடைக்கார நானாவைப் பார்த்து அவசரமாகச் சொன்னது: "பல்லி, பல்லி!"

நானாவின் கை நின்றது. கூரையைப் பார்த்தார், சம்பல் சட்டியைப் பார்த்தார், மூடியை எடுத்துப் படாரென்று போட்டார்.

"இருவது வருஷமா கடை நடத்துறன். இங்க ஒரு பல்லியும் இல்ல எண்டு அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு தம்பி!"